என் விமானம் தொங்கிய கதை

பெரிய எஞ்சின் ஒன்று வாங்கியே தீருவது என்று பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே யாரிடமும் சொல்ல முடியவில்லை. அந்த முடிவு நன்றாக வாழ்ந்தது அந்த இரண்டு நிமிடம்தான். பிறகு வாயைக் கொப்பளித்தேன், சமையலறைக்குப் போனேன், சொல்லித் தொலைத்தேன்.

"பெரிய எஞ்சின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்."

"காருக்கா?"

"விமானத்துக்கு."

"இருக்கற எஞ்சினுக்கு என்ன குறைச்சல்? மேல போகுது, கீழ வருது."

"அது சரி..."

"கீழ வர்றதுதான் கொஞ்சம் அவசரமா வருது. அதுக்கு எஞ்சின் என்ன பண்ணும்?"

என் மனைவி இப்படித்தான். அடிப்பாள், ஆனால் கை ஓங்கியதே தெரியாது.

நீங்கள் என்னை விமானி என்று நினைத்துவிடக் கூடாது. நான் ஏறி உட்காருகிற விமானம் இல்லை அது. என் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு நீள இறக்கை. தரையில் நின்றபடி ரேடியோ பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு கட்டை விரலால் ஓட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் எங்கள் சங்கத்து ஆட்கள் கூடுவோம். விமானத்தைக் குட்டிக்கரணம் போட வைப்போம், மல்லாக்கப் பறக்க வைப்போம். பிறகு அவரவர் விமானத்தைக் கூடையில் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

வார நாட்களில் நான் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் அதிகாரி. கார் மோதியது, கடை எரிந்தது என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்களில் யார் நிஜம், யார் புளுகு என்று கண்டுபிடிப்பது என் வேலை. இதில் நான் புலி. ஆபீசில் எனக்கு 'எக்ஸ்ரே' என்று பட்டப்பெயர். வீட்டில் அந்த எக்ஸ்ரேயைப் படம் பிடித்து மாட்டியிருப்பவள் என் மனைவி.

அவள் தையல்காரி. வீட்டுக் கூடத்தில், வாசலை ஒட்டி, செருப்பு அலமாரிக்கும் சோபாவுக்கும் நடுவில் அவளுடைய மெஷின். அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கினால் ஒரு பக்கம் சுவர் இடிக்கும், மறுபக்கம் நான் இடிப்பேன். வெளிச்சம் போதாது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கோக்கும்போது அவள் கண்ணைச் சுருக்கும் விதத்தைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். ஆனால் அந்தப் பாவத்தை நான் வெளியில் காட்டிக்கொள்வதில்லை. காரணம், வீட்டில் நல்ல வெளிச்சமான பெரிய ஜன்னல் பின்னறையில்தான் இருக்கிறது. பின்னறையில் என் விமானம் இருக்கிறது. கட்டில்மேல் இறக்கை, அலமாரிமேல் வால், கட்டிலுக்கு அடியில் எரிபொருள் டப்பா. அந்த அறைக்குள் நுழைந்தால் எரிபொருளில் கலந்திருக்கும் விளக்கெண்ணெய் வாடை மூக்கைப் பிடித்துத் திருகும். எனக்கு அது மணம். அவளுக்கு அது ஒரு வழக்கு.

"அந்த ரூமை எனக்குக் கொடுங்க" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "பாக்கலாம்" என்பேன். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் கண்ணை மூடிக்கொள்வேன் என்று அர்த்தம்.

சரி, பெரிய எஞ்சின் எதற்கு? தொங்கலுக்கு.

தொங்கல் என்பது எங்கள் சங்கத்து வித்தைகளில் ராஜா. விமானம் மூக்கை வானத்துக்கு நீட்டி, வாலைத் தரைக்குத் தொங்கவிட்டு, மேலேயும் போகாமல், கீழேயும் விழாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இறக்கைக்கு அங்கே வேலையே இல்லை. முன்னால் சுற்றும் ப்ரொப்பெல்லரின் இழுப்பில் மட்டும் மொத்த விமானமும் தொங்க வேண்டும். எங்கள் சங்கத்தில் இதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர்தான். எதிர்வீட்டுப் பல் டாக்டர். அவர் விமானம் தொங்கும்போது எல்லோரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அவருக்கு அது பழக்கமான காட்சிதான்.

என் விமானம் தொங்கியதே இல்லை. மூக்கைத் தூக்குவேன். இரண்டு மூச்சு நிற்கும். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து சரியும். குற்றம் எஞ்சின்மேல்தான் என்று பல வருஷமாகச் சொல்லி, எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

இப்போது டாக்டர் இன்னும் பெரிய விமானம் கட்டப் போகிறார். அவருடைய பழைய எஞ்சினை விற்றுவிடப் போகிறார். என்ன எஞ்சின் தெரியுமா? தொண்டையைச் செருமினாலே ஜன்னல் அதிரும். என்னதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்னது அதற்குப் பேரன் மாதிரி இருக்கும். எனக்காக ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் நான் சரி சொல்லாவிட்டால் மருந்துக் கடைக்காரருக்கு. மருந்துக் கடைக்காரரும் சங்கத்து ஆள்தான். டாக்டர் எழுதிக் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு போகிற பழக்கம் உள்ளவர்.

அன்று சாயந்திரம் டாக்டரே எங்கள் வீட்டுக்கு வந்தார். எஞ்சின் விஷயமாக இல்லை. அவருடைய பேன்ட்டின் இடுப்பைத் தளர்த்த வேண்டும். சர்க்கரை கூடாது என்று ஊருக்குச் சொல்கிறவரின் இடுப்பு வருஷா வருஷம் எங்கள் வீட்டில்தான் தளர்கிறது. மனைவி பேன்ட்டை வாங்கித் திருப்பிப் போட்டு, உள்பக்கத்தில் வெள்ளை சாக்பீஸால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். எந்தத் துணி கைக்கு வந்தாலும் அவள் முதலில் செய்வது அதுதான். துணிக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று இரண்டு உண்டாம். வெளியே தெரிய வேண்டியது நல்ல பக்கம். கெட்ட பக்கத்தில் பெருக்கல் குறி. மாற்றித் தைத்துவிட்டால் மொத்த உழைப்பும் வீண் என்பாள்.

குறியைப் போட்டுவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"டாக்டர், இவர் எஞ்சினை வெச்சுத் தொங்க முடியவே முடியாதா?"

"இப்ப மாட்டியிருக்கற ப்ரொப்பெல்லரை வெச்சு முடியாதும்மா. அது பத்துக்கு ஏழு."

இங்கே நான் குறுக்கே விழுந்து விளக்கினேன். ப்ரொப்பெல்லர் என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. முதல் எண், இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை எத்தனை அங்குலம் என்பது. இரண்டாவது எண், ஒரு சுற்றில் காற்றைக் கடித்து எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. பத்துக்கு ஏழு என்றால் நீளம் குறைவு, கடி அதிகம். கார் டாப் கியரில் போகிற மாதிரி. சமமான சாலையில் பிய்த்துக்கொண்டு போகும், மேட்டில் முக்கும்.

"அப்ப பன்னெண்டுக்கு நாலு மாட்டினா?" என்றாள் மனைவி.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படிம்மா தெரியும்?"

"தினமும் சாப்பிடும்போது கரண்டியை ஆட்டி ஆட்டிச் சொல்றாரே. பன்னெண்டுக்கு நாலுன்னா முதல் கியர். வேகம் கம்மி, இழுவை ஜாஸ்தி. கரண்டியோட முதுகு மாதிரி வளைஞ்ச பக்கம் முன்னால வரணும், தட்டையான பக்கம் பின்னால. அப்புறம் கரண்டியை அப்படியே பாத்திரத்துல போட்டுடுவார்."

அவள் காதில் வாங்குவாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் அத்தனை வருஷம் பேசியிருக்க மாட்டேன்.

டாக்டர் தாடையைத் தடவினார். "பன்னெண்டுக்கு நாலு மாட்டினா... தொங்கலாம். தொங்காமலும் போகலாம். எஞ்சினுக்கு வயசாயிடுச்சு இல்ல?"

அந்த 'தொங்காமலும் போகலாம்' என்ற சொல்லுக்காக அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இடுப்பு காரணமாக முடியவில்லை.

"சரி," என்று மனைவி ஊசியை, ஊசி செருகும் குட்டித் தலையணையில் குத்தினாள். "ஞாயித்துக்கெழமை நானும் மைதானத்துக்கு வர்றேன். பன்னெண்டுக்கு நாலை மாட்டி, என் கண்ணு முன்னால தொங்க விடுங்க. தொங்கலேன்னா எஞ்சினுக்குச் சத்து இல்லேன்னு ஒத்துக்கறேன். பெருசை வாங்கிக்கோங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"தொங்கிட்டா?"

"தொங்கிட்டா பின்னறை எனக்கு. விமானம் வேற எங்கயாவது போகட்டும்."

"சம்மதம்" என்றேன். பல வருஷமாகத் தொங்காத விமானம், ஒரு ப்ரொப்பெல்லர் மாற்றியதாலா தொங்கிவிடப் போகிறது? டாக்டர் சாட்சி. டாக்டரின் பேன்ட்டும் சாட்சி.

சனிக்கிழமை மத்தியானம் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வர அவள் வெளியே போனாள். நான் புது ப்ரொப்பெல்லரை மாட்டி, விமானத்தை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். வாலை ஒரு கயிற்றில் கட்டி, கயிற்றுக்கு நடுவில், பயணப் பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசை மாட்டி, மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டினேன். எஞ்சின் முழு வேகத்தில் விமானத்தை எவ்வளவு இழுக்கிறது என்று தராசு சொல்லும். விமானத்தின் எடையைவிட இழுப்பு குறைவாக இருந்தால் தொங்க முடியாது. மிகச் சுலபமான கணக்கு.

எஞ்சினை முடுக்கினேன். கயிறு விறைத்தது. முள் ஏறியது. ஏறியது. விமானத்தின் எடையைத் தொட்டது. அங்கே நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. அதையும் தாண்டி, 'என்ன அண்ணே, இப்போ என்ன சொல்றீங்க?' என்று கேட்கிற மாதிரி ஆடிக்கொண்டு நின்றது.

எஞ்சினில் சத்து இருக்கிறது. எப்போதும் இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் இல்லாமல் இருந்தது ப்ரொப்பெல்லரில் அறிவு. அதாவது, ப்ரொப்பெல்லரைத் தேர்ந்தெடுத்தவனுக்கு. நான் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு எஞ்சினை அணைத்தேன்.

நியாயமான மனிதன் அந்த இடத்தில் கீழே இறங்கிப் போய், பின்னறையைக் காலி செய்திருப்பான். நான் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து யோசித்தேன். ஆபீசில் எத்தனை புளுகர்களைப் பார்த்திருக்கிறேன்! அத்தனை பேரும் செய்கிற தப்பு ஒன்றுதான். எதையாவது உடைப்பார்கள், எதையாவது மறைப்பார்கள். உடைத்தது தெரிந்துவிடும், மறைத்தது அகப்பட்டுவிடும். எதையும் உடைக்காமல், எதையும் மறைக்காமல், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தபடியே ஒரு பொய்யை மாட்ட வேண்டும்.

மாட்டினேன். நட்டைக் கழற்றி, ப்ரொப்பெல்லரை முன்பின்னாகத் திருப்பி மாட்டினேன்.

எங்கள் உலகத்தில் இது முதல் நாள் வருகிறவன் செய்கிற தப்பு. அப்படி மாட்டினாலும் ப்ரொப்பெல்லர் சுற்றும். சத்தம் அதே சத்தம். காற்றையும் பின்னால்தான் தள்ளும். ஆனால் வளைந்த பக்கம் பின்னாலும் தட்டை முன்னாலும் போய்விடுவதால் கடி பாதிகூட இருக்காது. பல் செட்டைக் கழற்றிவிட்டுச் சாப்பிடுகிற மாதிரி. மறுபடி முடுக்கிப் பார்த்தேன். முள் பாதி தூரம் ஏறி, மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பறக்க அது போதும். தொங்க ஜென்மத்துக்கும் போதாது.

ஒரே ஒரு ஆபத்து. ப்ரொப்பெல்லரில் அளவை எழுதியிருக்கும் பக்கம் முன்னால் தெரிய வேண்டும் என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் கண்ணில் பட்டால் அவ்வளவுதான். அதனால் உப்புத்தாளால் எழுத்தைத் தேய்த்து எடுத்தேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். அழகுக்கு நுனிகளில் மஞ்சள். இப்போது எது முன், எது பின் என்று யாருக்கும் தெரியாது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே தெரியவில்லை! என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

பெயின்ட் காய்ந்ததும் தடவிப் பார்த்து, தட்டைப் பக்கம் முன்னால் வரும்படியே மாட்டி, நட்டை இறுக்கி, விமானத்தைப் பின்னறையில் படுக்க வைத்தேன். ராத்திரி சாப்பாட்டில் என் உற்சாகத்துக்கு அளவில்லை. ஆபீஸ் கதைகளை அவிழ்த்துவிட்டேன்.

"ஒருத்தன் பொய் சொல்றானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது தெரியுமா? அவன் மூஞ்சியைப் பாக்கக் கூடாது. அவன் பேச்சையும் கேக்கக் கூடாது. சம்பந்தப்பட்ட பொருளைக் கையில எடுத்துத் தடவிப் பாக்கணும். பொருள் பொய் சொல்லாது."

"அப்படியா?" என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு முன்னால் அவள் தயாராகிவிட்டாள். குடை, மடக்கு நாற்காலி, தண்ணீர் பாட்டில். கருநீல நிறத்தில் புதிதாக ஒரு டி-ஷர்ட்டை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"உங்களுக்காகத் தைச்சேன். இன்னிக்குப் போட்டுக்கோங்க. நாலு பேர் பாக்கற நாள்."

ஏமாற்றப் போகிறவனுக்கு இவள் சட்டை தைத்துக் கொடுக்கிறாளே! ஒரு கணம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பெரிய எஞ்சினை நினைத்துக்கொண்டு அந்தக் கணத்தைக் கடந்தேன். டி-ஷர்ட்டைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு சாமான்களை எடுத்து வைக்க ஓடினேன். கருவிப் பெட்டியில் ஸ்பானரைக் காணவில்லை.

"ஸ்பானர் எங்கே?"

"மெஷின் பக்கத்துல இருக்கு பாருங்க. ஒரு நட்டை இறுக்க எடுத்தேன்."

எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. எக்ஸ்ரே!

மைதானத்தில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். டாக்டர் எல்லோருக்கும் சொல்லியிருந்தார் போல. என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். மருந்துக் கடைக்காரர் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமிக்கொண்டார். என் மனைவி வந்திருப்பதால் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் விமானத்தின் முன்னால் குனிந்து பார்த்தார்.

"பெயின்ட் எல்லாம் அடிச்சு அமர்க்களப்படுத்தியிருக்கீங்க, சார்! எழுத்தையே காணோமே?"

"மங்கலா இருந்தது, டாக்டர். அசிங்கமா இருந்தது. அழிச்சுட்டேன்."

"பன்னெண்டுக்கு நாலுதானே?"

"அளந்து பாத்துக்கோங்க."

அளவு நாடாவோடு என் மனைவி எழுந்தே வந்துவிட்டாள். நுனிக்கு நுனி வைத்தாள். "பன்னெண்டு" என்று தலையாட்டிவிட்டுக் குடைக்கடியில் போய் உட்கார்ந்தாள். நான் உள்ளுக்குள் சிரித்தேன். அளந்துகொள், தாயே, நன்றாக அளந்துகொள்.

எஞ்சின் உறுமியது. விமானம் ஓட ஆரம்பித்தது. நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தரையை விட்டு எழுந்தது. எதிர்க்காற்று என்று நினைத்தேன். ஒரு வட்டம் அடித்தேன். முகத்தில் சோகத்தை ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். விமானம் சரிந்து விழப் போகும்போது விடவேண்டிய பெருமூச்சைக்கூட வீட்டில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன். 'என்ன பண்றது, பாவம், வயசாயிடுச்சு' என்று எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரல் லேசாகத் தழுதழுக்க வேண்டும்.

எங்களுக்கு நேர் எதிரே கொண்டுவந்து மூக்கைத் தூக்கினேன். எஞ்சினை முழு வேகத்துக்குக் கொண்டுபோனேன்.

விமானம் விழவில்லை.

மேலே ஏறப் பார்த்தது. என் விரல் தானாக வேகத்தைக் கொஞ்சம் குறைத்தது. விமானம் நின்றது. மூக்கு வானத்தில், வால் தரையைப் பார்த்து, அப்படியே நின்றது. இடது பக்கம் சாயப் பார்த்தது, என் கட்டை விரல் திருத்தியது. வலது பக்கம் சாயப் பார்த்தது, திருத்தியது. கண்ணுக்குத் தெரியாத ஆணியில் மாட்டிய சட்டை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, தொங்குது!" என்று கத்தினார் மருந்துக் கடைக்காரர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது தொங்கத் தொங்க என் பின்னறை கைவிட்டுப் போகிறது. பெரிய எஞ்சின் போகிறது. எப்படித் தொங்குகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் நிறுத்துவது எப்படி என்று தெரியும். வேகக் குச்சி என் இடது கட்டை விரலுக்கு அடியில் இருக்கிறது. ஒரு நெல்மணி அளவு இறக்கினால் போதும். விமானம் சறுக்கும். நான் பெருமூச்சு விடலாம். எஞ்சின் என்னுடையது.

"விடாதீங்க, சார்! அப்படியே பிடிங்க!" என்று டாக்டர் என் காதருகே கிசுகிசுத்தார். அந்த டாக்டர், என் விமானத்தைப் பார்த்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

விரலை இறக்கு என்று மூளை சொன்னது. விரல் கேட்கவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதற்காக விமானத்தை உடைத்திருக்கிறேன்! எத்தனை இறக்கையை ஒட்டியிருக்கிறேன்! ஒரு எஞ்சினுக்காக இதைக் கீழே போட என் கை மறுத்துவிட்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. வெயில் என்று பிறகு சொன்னேன். எரிபொருள் தீர்ந்து எஞ்சின் விக்கும் வரை தொங்கவிட்டு, கடைசி மூச்சில் பூப்போல இறக்கினேன்.

கைதட்டல் காதைப் பிளந்தது. டாக்டர் என் முதுகில் அறைந்தார். நான் திரும்பிக் குடையைப் பார்த்தேன். அவளும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரையும்விடச் சத்தமாக.

விமானத்தை எடுக்கப் போகிற சாக்கில் தனியாக நடந்தேன். குனிந்து ப்ரொப்பெல்லரைத் தடவிப் பார்த்தேன். வளைந்த பக்கம் முன்னால். கரண்டியின் முதுகு. சத்தியமாக நான் மாட்டியது அப்படி இல்லை! நுனியைத் திருப்பி, நடுப்பகுதியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். எண்ணெய்க் கசிவுக்கு நடுவில், வெள்ளை சாக்கால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

நிழல் என்மேல் விழுந்தது. குடையோடு அவள் நின்றிருந்தாள்.

"எப்போ?" என்றேன்.

"காலைல நீங்க குளிக்கப் போனப்போ."

"எப்படிக் கண்டுபிடிச்சே? ரெண்டு பக்கமும் ஒரே கறுப்பு. டாக்டரே கண்டுபிடிக்கலை."

"பெயின்ட்டைப் பாத்தா எப்படித் தெரியும்? கையில எடுத்துத் தடவிப் பாத்தேன். நீங்கதானே சொன்னீங்க, பொருள் பொய் சொல்லாதுன்னு. நல்ல பக்கம் எது, கெட்ட பக்கம் எதுன்னு கண்ணை மூடிட்டே சொல்லுவேன். தினமும் அதுதானே என் பொழைப்பு?"

"அப்ப நான் திருப்பி மாட்டினேன்னு காலைலயே என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, தெரியாம மாட்டிட்டேன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் வேற ஏதாவது பண்ணியிருப்பீங்க." குடையை என் தலைக்கு நகர்த்தினாள். "இப்ப எல்லாரும் இருக்காங்க. உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது இருந்தா சொல்லுங்க. டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

யோசித்துப் பாருங்கள். என்ன ஆட்சேபணை சொல்வேன்? 'நான் தப்பாக மாட்டி வைத்ததை இவள் சரியாக மாட்டிவிட்டாள், இது அநியாயம்' என்றா? புளுகர்களைப் பிடிக்கிற புலி நான்!

"நான் நடுவுல வேகத்தைக் குறைச்சுக் கீழ விட்டிருந்தா? அப்ப என்ன பண்ணியிருப்பே?"

"விடமாட்டீங்க" என்றாள் அவள்.

"எப்படிச் சொல்றே?"

"அது தொங்க ஆரம்பிச்சா உங்களால விட முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? ரூமைக் கொடுப்பீங்க, அதை விடமாட்டீங்க."

முழுத் தோல்வியோடு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. விமானத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"எது எப்படி இருந்தாலும் ஒண்ணு ஒத்துக்கணும். அதை அங்கே நிறுத்தினது நான். என் கை."

"ஒத்துக்கறேன்," என்றாள். கிண்டல் இல்லாமல்தான் சொன்னாள். "ரொம்ப அழகா இருந்தது. டாக்டர் விமானம்கூட இப்படி நின்னு நான் பாத்ததில்லை."

எனக்கு அப்படியே உச்சி குளிர்ந்தது. பின்னறை போனால் போகட்டும் என்று தோன்றியது. அவளும் எத்தனை நாள் அந்த இருட்டில் ஊசி கோப்பாள்? அங்கே டாக்டர் பெரிய எஞ்சினை மருந்துக் கடைக்காரர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். அதையும் பார்த்தேன். அவ்வளவாக வலிக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, தலையைத் தூக்கி, கூட்டத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தேன். எல்லோரும் மறுபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் கையசைத்தேன். இன்று சிரிக்கட்டும், இன்று நான்தான் கதாநாயகன்.

"என்னங்க" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"என்ன?"

"போட்டோ எடுக்கப் போறாங்களாம். அதுக்கு முன்னாடி கார் பின்னால போய் அந்த டி-ஷர்ட்டையும் திருப்பிப் போட்டுட்டு வந்துடுங்க. மடிச்சுக் கொடுக்கும்போது உள்பக்கம் வெளிய வர்ற மாதிரித்தான் கொடுத்தேன், போடும்போதாவது பாப்பீங்கன்னு நெனச்சேன்."

குனிந்து பார்த்தேன். தோளிலிருந்து இடுப்பு வரை தையல் எல்லாம் வெளியே. காலையிலிருந்து ஊரே பார்க்க, கருநீலத் துணியில், என் நெஞ்சுக்கு நடுவில், வெள்ளை சாக்கால் ஒரு பெருக்கல் குறி.